மாஸ்டரின் ‘நி’

கனகசுந்தரம் மாஸ்டர் இறந்து இருபத்தைந்தாம் நாள், நான் இருபத்தெட்டு வருடங்களாகப் பாடிவந்த பாட்டின் முடிவு பிழை என்று கண்டுபிடிக்கப்பட்டது. கண்டுபிடித்தவர் மிருதங்கம் வீரசிங்கம் அண்ணை. வேறு யாராவது கண்டுபிடித்திருந்தால் எனக்கு இவ்வளவு கொதித்திருக்காது.

முதலில் மாஸ்டரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பகலில் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தார். பின்னேரங்களில் இசை நாடகங்களுக்கு மெட்டுப் போட்டார். மொத்தம் பதினான்கு நாடகங்கள். மீன் சந்தையில் சூடை விற்கிறவர்கூடத் தன்னை அறியாமல் மாஸ்டரின் மெட்டில்தான் கூவுவார். மெட்டு வராத நாட்களில் மாஸ்டர் உட்துறைமுகத்துக் கரையில் போய் நின்று, கப்பல் சங்கு எந்தச் சுரத்தில் ஊதுகிறது என்று கேட்டுவிட்டு வருவார். “இண்டைக்கு வந்த கப்பல் அரைச் சுரம் கீழ ஊதுது, கப்டனுக்குத் தடிமன் பிடிச்சுத் தொண்டை அடைச்சிட்டுது போல” என்று எங்களிடம் வந்து சொல்லுவார்.

செத்தவீட்டிலும் அவருடைய பாட்டுத்தான். தேவாரம் முடிந்ததும் நாடகக் குழு முழுவதும் சேர்ந்து பாடினோம். அழுதுகொண்டு தொடங்கியவர்கள் பாட்டின் துள்ளலில் அழுகையை மறந்துவிட்டோம். ஆண்கள் அதையே பாடிக்கொண்டு அவரைத் தூக்கிப் போனார்கள். அது வேகமான பாட்டு. தாளத்துக்கு நடந்ததில், ஐயர் வருவதற்குப் பத்து நிமிடம் முன்னரே சுடலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்களாம். மாஸ்டர் தன் வாழ்நாளில் எங்கும் பிந்திப் போனவரில்லை.

பாடாமல் இருந்தவர் அவருடைய மனைவி தங்கேஸ்வரி மாமி ஒருவர்தான். மாமிக்குப் பாட்டு வராது, பாட்டில் அக்கறையும் கிடையாது. பதினான்கு நாடகங்களில் ஒன்றைக்கூட மண்டபத்துக்கு வந்து பார்த்ததில்லை. யாராவது கேட்டால், “ஆர் கோழிகளை அடைக்கிறது” என்று திருப்பிக் கேட்பார். அன்றைக்கும் மாஸ்டரின் தலைமாட்டில் இருந்து, “இஞ்சேருங்கோ, இஞ்சேருங்கோ” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். ஐம்பது வருடங்களாக அவர் புருசனை அப்படித்தான் கூப்பிட்டார். பெயர் சொன்னதும் இல்லை, ‘நீ’ என்றதும் இல்லை. அந்த ‘இஞ்சேருங்கோ’வைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது.

மாஸ்டர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே கட்டளை போட்டுவிட்டார். “என்ர முப்பத்தோராம் நாளுக்கு ஒருத்தரும் மூக்கைச் சிந்திக்கொண்டு நிக்கக் கூடாது. மண்டபத்தை எடுத்து என்ர பாட்டுகளைப் பாடுங்கோ. ‘கொட்டியாரக் கப்பல்’ கடைசிப் பாட்டைக் கட்டாயம் பாடுங்கோ.”

அந்தக் கடைசிப் பாட்டு என்னுடையது. என்னுடையது என்று நான் சொல்லவில்லை, ஊர் சொல்லும். நான் சுதர்ஷினி. உட்துறைமுக வீதியில் வலையும் கயிறும் விற்கும் கடையில் நிற்கிறேன். சல்லியிலிருந்தும் இலங்கைத்துறையிலிருந்தும் வலை வாங்க வருகிறவர்களுக்கு என் பெயர் தெரியாது. ‘நீ அக்கா’ என்றால் தெரியும். “நீ அக்கா, இந்தக் கண் அளவில இன்னும் ரெண்டு பாகம் வலை வெட்டுங்கோ” என்பார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு அது மரியாதையா அவமரியாதையா என்று விளங்காது. அது ஒரு சுரம். அந்தச் சுரத்தில்தான் என் பெயர் நிற்கிறது.

கதை இதுதான். 1997இல் ‘கொட்டியாரக் கப்பல்’ மேடையேறுவதற்கு மூன்று நாட்கள் இருக்கும்போது, கதாநாயகிக்குக் கொப்பளிப்பான் வந்துவிட்டது. பத்தொன்பது வயதில் என்னைப் பிடித்துவந்து போட்டார்கள். கொட்டியாரக் கரையில் ஒரு பெண் தன் ஆளுக்காகக் காத்திருக்கிறாள். கடைசியில் ஒரு கப்பல் வருகிறது. வந்தவன் அவன்தானா என்று தெரியாது. நாடகம் அவ்வளவுதான். பாட்டுகளை எழுதியவர் கிண்ணியா ஜவாஹிர் நானா. கடைசிப் பாட்டை ஒத்திகை பார்க்கப்போன நேரம் மின்சாரம் போய்விட்டது. மாஸ்டர் தன் கையால் எழுதிய தாளைத் தந்து, “பார்த்துப் பாடமாக்கு பிள்ளை, எல்லாம் குறிச்சிருக்கிறன்” என்றார். அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாடமாக்கினேன். கடைசி வரிகள் இப்படி இருந்தன:

பாய் தெரியுது, பாய் தெரியுது, பாதி வானம் மறையுது,
வாய் திறந்து சொல்லடி கடலே, வந்தது ஆர்? நி.

சங்கீதம் படித்த பிள்ளை நான். ‘நி’ என்றால் நிஷாதம். சரிகமபதநியில் கடைசிச் சுரம். அதில் கொண்டுபோய் முடி என்கிறார் என்று நினைத்தேன். நிஷாதத்தில் முடிந்தால் பாட்டு முடிந்த மாதிரியே இருக்காது, மேலே ‘ச’ வரும் வரும் என்று காது காத்துக்கொண்டிருக்கும். காத்திருக்கிற பெண்ணின் பாட்டுக்கு இதைவிட வேறென்ன வேண்டும். மாஸ்டரின் மூளையை நினைத்து அன்றைக்கு மெய்சிலிர்த்தேன்.

மேடையில் “வந்தது ஆர்?” என்று கேட்டு, நிஷாதத்தைப் பிடித்து “நீ” என்று நீட்டினேன். ஆர்மோனியத்தில் இருந்த மாஸ்டர் வலது கையை உயர்த்தி உள்ளங்கையை எனக்குக் காட்டினார். இன்னும் நீட்டு என்கிறார் என்று நினைத்து நீட்டினேன். கையை இன்னும் உயர்த்தினார். நானும் இன்னும் நீட்டினேன். கதிரையிலிருந்து பாதி எழும்பிவிட்டார். இதற்கு மேல் மூச்சில் ஒன்றும் இல்லை என்ற இடத்தில்தான் விட்டேன்.

வந்தது ஆர்? நீ. சுரத்துக்குச் சுரம், சொல்லுக்குச் சொல். மண்டபமே எழும்பி நின்றது. வராதவர்களுக்காகக் காத்திருந்த வீடுகள் ஊரில் நிறைய இருந்த காலம் அது. முன்வரிசைப் பெண்கள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். வீரசிங்கம் அண்ணை மட்டும் மிருதங்கத்தை முன்பே நிறுத்திவிட்டு, எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். தாளத்தை மறந்துவிட்டார் என்று ஊர் சொன்னது. பிறகு மேடைப் பின்புறம் வந்த மாஸ்டர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “சாப்பிட்டியா?” என்று மட்டும் கேட்டார். அவர் வாயிலிருந்து வரக்கூடிய மிகப் பெரிய பாராட்டு அது என்று நான் முடிவுகட்டினேன்.

அதன் பிறகு அந்த ‘நீ’ தன் பாட்டுக்கு வளர்ந்தது. ஒரு விரிவுரையாளர் அதைப் பற்றிப் பதினாறு பக்கத்தில் கட்டுரை எழுதினார். சுரமும் சொல்லும் ஒன்றாகிற அற்புதம் என்றார். அதற்காக மாஸ்டருக்கும் ஜவாஹிர் நானாவுக்கும் மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள். வருடத்துக்கு ஒரு தடவையாவது எங்காவது அந்தப் பாட்டை நான் பாடுவேன். ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் வீரசிங்கம் அண்ணை மிருதங்கத்தை நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார். பிடிவாதம் பிடித்த மனுசன் என்று நானும் விட்டுவிட்டேன்.

இனி இருபத்தைந்தாம் நாளுக்கு வருகிறேன். நினைவு மலரில் பாட்டுகளை அச்சிடுவதற்காக, நான், ஜவாஹிர் நானா, வீரசிங்கம் அண்ணை மூவரும் உவர்மலையில் மாஸ்டர் வீட்டு அலுமாரியைக் கிண்டிக்கொண்டிருந்தோம். மாமி குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தார். அலுமாரியின் அடித்தட்டில் மாஸ்டரின் மூலக் கொப்பி கிடைத்தது. கட்டம் போட்ட கணக்குக் கொப்பி. வீரசிங்கம் அண்ணை கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் போட்டார். பிறகு, பரீட்சை முடிவு வாசிப்பது போல நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

“வந்தது ஆர்? நிப்பாட்டு.”

ஜவாஹிர் நானா கொப்பியை எட்டிப் பார்த்தார்.

“நிப்பாட்டு” என்று அவர் இன்னொரு தடவை வாசித்தார். “முழுசா எழுதியிருக்கு. கீழ கோடும் அடிச்சிருக்கு. உனக்குத் தந்த தாளில சுருக்கி ‘நி’ எண்டு குறிச்சிருக்கிறார். நிஷாதமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அந்த இடத்தில நிப்பாட்டு எண்டுதான் எனக்கும் சொன்னவர், நான் அண்டைக்கே நிப்பாட்டினனான். சொன்னா ஆர் நம்பினது?”

“அண்ணை, அது…”

“அதே தாளில ‘தி’ எண்டும் போட்டிருந்தவர். அது திருப்பிப் பாடு எண்டு உனக்கு விளங்கினது. ‘நி’ எண்டா நிப்பாட்டு எண்டு விளங்கேல்லை. இருபத்தெட்டு வருசம் ஊர் என்னைத் தாளம் தெரியாதவன் எண்டு சொன்னது.”

எனக்குக் காது சுட்டது. மாஸ்டர் உயர்த்திய கை கண்முன் வந்தது. கதிரையிலிருந்து பாதி எழும்பியதும் வந்தது. மனுசன் நிப்பாட்டு நிப்பாட்டு என்று கையால் கெஞ்சியிருக்கிறார், நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு நீட்டியிருக்கிறேன். “சாப்பிட்டியா?” என்று கேட்டதுகூட, திட்ட வந்து மனம் வராமல் கேட்டதாகத்தான் இருக்கும்.

ஜவாஹிர் நானா தொண்டையைச் செருமினார். “நானும் ஒண்டு சொல்லணும் புள்ள. அந்த ‘நீ’ நான் எழுதினதில்ல. கேள்வியோட முடிச்சுத்தான் குடுத்தனான். பாட்டு மேடையில வந்தப்போ ‘நீ’ எண்டு வந்திச்சி, மாஸ்டர் சேத்திட்டாராக்கும் எண்டு நினைச்சன்.”

“பிறகு ஏன் நானா சொல்லேல்லை?”

“பொன்னாட போத்துறாங்க. அந்த நேரம் பாத்து வேணாம் எண்டு எப்பிடிச் சொல்ற.”

மாமி தேத்தண்ணி கொண்டுவந்தார். மூன்று பேரின் முகத்தையும் பார்த்தார். “சீனி காணாதோ?” என்று கேட்டார். காணும் என்று மூவரும் கோப்பையை எடுத்தோம். பாட்டு விசயத்தில் மாமியிடம் என்ன கேட்பது.

வீரசிங்கம் அண்ணையின் கட்சி நேர்மையான கட்சி. முப்பத்தோராம் நாள் மாஸ்டரின் நாள், அவர் எழுதினபடி பாட வேண்டும், மலரிலும் அப்படித்தான் அச்சிட வேண்டும் என்றார். சண்டை பிடிக்க ஆசைதான். ஆனால் எழுத்தில் இருக்கிறதோடு எப்படிச் சண்டை பிடிக்க ஏலும்.

அந்தக் கிழமை முழுக்கக் கடையில் எனக்கு ஒன்றும் சரிவரவில்லை. பத்துப் பாகம் கயிறு கேட்டவருக்கு ஏழு பாகம் வெட்டினேன். “என்ன நீ அக்கா, மாஸ்டரை நினைச்சுக்கொண்டிருக்கிறீங்களோ?” என்று கேட்டார். ஓம் என்றேன். பாதி பொய். என்னையும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கென்று இருந்தது அந்த ஒரு சுரம். அதுவும் பிழை வாசிப்பு. அதைவிட மோசமாக இன்னொன்று அரித்தது. சுருதி விலகினால் கப்பலுக்கே குறை சொல்கிற மனுசன், தன் பாட்டை நான் ஒவ்வொரு தடவையும் கெடுப்பதை இருபத்தெட்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டிருக்கிறாரே. ஒரு தடவையாவது, “பிள்ளை, அது நிப்பாட்டு” என்று சொல்லியிருக்கலாமே என்று செத்த மனுசன் மேலேயே கோபம் வந்தது. பிறகு அந்தக் கோபத்துக்காக அழுதேன். கடைசியில் முடிவெடுத்தேன். நிப்பாட்டுவேன். உயிரோடு இருந்தபோது கேட்காத சொல்லை இப்போதாவது கேட்பேன்.

முப்பத்தோராம் நாள் காலையில் வீட்டில் கிரியைகள் நடந்தன. பின்னேரம் ஐந்து மணிக்கு மண்டபம். பதாகையில் ‘கண்ணீர் அஞ்சலி’ என்று யாரோ அடித்துக்கொண்டு வந்துவிட, மாஸ்டரின் கட்டளைக்குப் பயந்து ஜவாஹிர் நானா ‘கண்ணீர்’ இருந்த இடத்தில் பூமாலையைத் தொங்கவிட்டார். வாசலில் கட்டிய வாழை இரண்டில் ஒன்றை, எங்கள் ஊர் வீதிகளில் மாடு மாதிரித் திரியும் மான்கள் தின்றுவிட்டன. இரண்டாவதைக் காப்பாற்ற வீரசிங்கம் அண்ணை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீதியில் ஓடியதை ஊரே பார்த்தது. அன்றைக்கு அவருக்குச் சரியான சந்தோசம். முந்தின நாள்தான் சவரம் செய்து, மிருதங்கத்துக்குப் புது வார் போட்டிருந்தார்.

மாமி வந்திருந்தார். முதல் வரிசையில் வெள்ளைச் சேலையோடு, கைப்பையை மடியில் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து இருந்தார். நாடக மண்டபத்துக்குள் அவர் கால்வைத்தது அன்றைக்குத்தான். “கோழிகள்?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“வரேக்க அடைச்சுப்போட்டுத்தான் வந்தனான்” என்றார்.

மற்றப் பதின்மூன்று நாடகங்களிலிருந்தும் பாட்டுகள் போயின. சனம் கைதட்டியது, சிரித்தது, சில பாட்டுகளுக்குக் கூடவே பாடியது. கிளிவெட்டியிலிருந்து வந்த ஒரு பெரியவர் ஒவ்வொரு பாட்டுக்கும் “கை தட்டாதேங்கோ, கேக்கவிடுங்கோ” என்று கைதட்டுகிறவர்களை அடக்கிவிட்டு, பாட்டு முடிந்ததும் எல்லாரையும்விடப் பலமாகத் தானே தட்டினார். கடைசியாக என் பெயரைச் சொன்னார்கள். “நீ அக்கா” என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. மேடையேறி ஒலிவாங்கியைக் கிட்ட இழுத்தேன்.

பாடினேன். நன்றாகத்தான் பாடினேன், பொய் சொல்வானேன். பாய் தெரியுது, பாய் தெரியுது, பாதி வானம் மறையுது. மண்டபம் அசையாமல் இருந்தது. எனக்குப் பின்னால் மிருதங்கம் கூடவே வந்தது. வாய் திறந்து சொல்லடி கடலே.

“வந்தது ஆர்?”

நிப்பாட்டினேன். மிருதங்கமும் அதே கணத்தில் நின்றது. இருபத்தெட்டு வருடத்தில் நானும் வீரசிங்கம் அண்ணையும் ஒன்றாக நின்றது அதுதான் முதல் தடவை.

மாஸ்டர் கெட்டிக்காரன்தான். கேள்வி அப்படியே மண்டபத்தில் நின்றது. அவர் எழுதியது சரி, மிகச் சரி, நான் கெடுத்துத்தான் வைத்திருந்திருக்கிறேன் என்று அந்த அமைதியில் எனக்கு நன்றாக விளங்கியது. ஆனால் சனத்துக்கு விளங்கவில்லை. எனக்கு மூச்சு முட்டிவிட்டது என்று நினைத்து, முன்வரிசையில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். யாரோ தண்ணீர்ப் போத்தலைத் தூக்கினார்.

அப்போது முதல் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“நீ…”

கரகரத்த குரல். சுருதிக்கு ஒரு முழம் கீழே. தங்கேஸ்வரி மாமி கைப்பையைப் பிடித்தபடி, நேராக முன்னால் பார்த்துக்கொண்டு பாடினார். மேடையில் மாலை போட்டு வைத்திருந்த மாஸ்டரின் படம் அங்கேதான் இருந்தது. மூச்சு இருக்கும்வரை நீட்டினார். முடிந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தார். தேத்தண்ணியைச் சிந்திவிட்ட பிள்ளையைப் பார்க்கிற பார்வை.

“ஏன் பிள்ளை நிப்பாட்டினனீ?”

மண்டபம் முழுக்கக் கேட்டது. “மாமி, மாஸ்டர் அப்படித்தான்…” என்று தொடங்கினேன். ஒலிவாங்கி என் குரலையும் எடுத்து எல்லாருக்கும் குடுத்தது.

“அவரோ? விடியக் காலமை ஒவ்வொரு நாளும் கிணத்தடியில தலையில தண்ணியை வாத்துக்கொண்டு இந்தப் பாட்டுத்தான். இந்த ‘நீ’ வந்தா முழு வாளியும் முடியுமட்டும் விடமாட்டார். பக்கத்து வீட்டு நஸ்ரியா மதிலுக்கு மேலால எட்டிப் பாத்து, ‘மாஸ்டருக்கு என்ன செய்யுது’ எண்டு கேட்டிருக்கிறா. நான் சொன்னனான், ‘இஞ்சேருங்கோ, அதை நிப்பாட்டுங்கோவன்’ எண்டு. ‘அந்தப் பிள்ளை நிப்பாட்டேல்லை, நான் ஏன் நிப்பாட்ட’ எண்டவர்.” மாமி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். “இந்த முப்பது நாளாக் கிணத்தடியில சத்தமே இல்லை. இங்கயாவது கேப்பம் எண்டுதான் கோழியை நேரத்தோட அடைச்சுப்போட்டு வந்தனான். நீ நிப்பாட்டாதை.”

நான் வீரசிங்கம் அண்ணையைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மிருதங்கத்தை மடியில் சரியாக வைத்துக்கொண்டிருந்தார்.

“பிள்ளை,” என்றார் தலையைத் தூக்காமல், “‘தி’.”

திருப்பிப் பாடு.

பாய் தெரியுது என்று திரும்பவும் எடுத்தேன். இந்தத் தடவை சனமும் சேர்ந்துகொண்டது. வந்தது ஆர் என்று கேட்டதும், மாமி எனக்கு முந்திவிட்டார். அதே கரகரப்பு, அதே பள்ளம். பின்னால் மிருதங்கம் நிற்கவில்லை. அந்த இடத்தில் வீரசிங்கம் அண்ணை வாசித்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

நிஷாதம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதைப் பிடித்து மாமியை மேலே இழுத்திருக்கலாம். சுருதி விலகினால் பொறுக்காத ஆள் நான், மாஸ்டரின் மாணவி. ஆனால் ஐம்பது வருடமாக ‘இஞ்சேருங்கோ’ என்று மட்டும் கூப்பிட்ட மனுசி, அந்தப் படத்தைப் பார்த்து ‘நீ’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் நிஷாதத்தை விட்டு இறங்கிப் போய், அவர் குரல் நின்ற இடத்தில் சேர்ந்துகொண்டேன். இரண்டு பேரும் நல்ல பிழையாக, மூச்சு முடியும்வரை நீட்டினோம்.